பிள்ளைகள் கையில் மாவு ஒட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சின்னக் குழந்தைகளை வீட்டில் எப்படி விளையாட விடலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அரிசிக்குச் சாயம் ஏற்றித் தட்டில் கொட்டி அளைய விடுவது, ஜெல்லிக்குள் பொம்மையைப் புதைத்துத் தேடச் சொல்வது, மக்காச்சோள மாவைக் கரைத்துக் கையில் வழிய விடுவது என்று படங்களோடு போட்டிருந்தீர்கள். அடுத்த வாரமே வாசகர் ஒருவர் அதற்குக் கோபமாகப் பதில் எழுதினார். சோறு தெய்வம், அதை வைத்து விளையாடுவது நம் வீட்டுப் பழக்கமே இல்லை என்பது அவர் பேச்சு. இரண்டையும் கத்தரித்து வைத்திருக்கிறேன். இருவர் சொல்வதிலும் எனக்கு உடன்பாடு உண்டு, இருவரோடும் வழக்கும் உண்டு. கடிதம் கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் பொழுதில் பெரும்பாலும் நானும் பேத்தியும்தான். அவளுக்கு மூன்று வயது நிரம்பப் போகிறது.

குழந்தை உணவுப் பொருளைக் கையால் தொட்டு, பிசைந்து, கொட்டி, அளையத்தான் வேண்டும். ஆனால் அது அளைந்தது அடுப்புக்குப் போக வேண்டும், குப்பைக்குப் போகக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

எங்கள் பக்கம் மார்கழி, தை வந்தால் பிதுக்கம்பருப்பு இல்லாத வீடு இருக்காது. பச்சை மொச்சையை உரித்து, கொட்டையை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்குவோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொட்டையை வைத்து ஓரமாக ஒரு அழுத்து. தோல் விரலில் நின்றுவிடும், பருப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே பாயும். கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தால் களிக்கு அதைவிடத் தோதானது எதுவும் இல்லை. ஒரு வீட்டுக் குழம்புக்கு வேண்டிய பருப்பைப் பிதுக்க ஒரு ஆள் தனியாக உட்கார்ந்தால் முதுகு ஒடிந்துவிடும். அதனால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் சுற்றி உட்காருவார்கள். பேசத் தெரியாத பிள்ளைகூட அந்த வட்டத்தில் இருக்கும்.

ஓசூர்ச் சந்தையில் மொச்சை நன்றாகவே கிடைக்கும். போன தை மாதம் வாங்கி வந்து ஊறப்போட்டுப் பேத்தியையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். முதலில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒரு கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து முழுக் கையாலும் நசுக்கினாள். தண்ணீர் மணிக்கட்டு வழியாக வழிந்து முழங்கை வரை போனது, கொட்டை மட்டும் அப்படியே இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. என் விரலை அவள் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு மெதுவாகப் பிதுக்கினேன். அவளும் இரண்டு விரலுக்கு வந்தாள். நழுவியது. இன்னொன்று எடுத்தாள், நகம் பட்டுப் பாதியாகப் பிளந்தது. அதையும் தட்டில் போட்டாள். பிறகு எப்படியோ விரல் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பருப்பு பறந்து போய் எதிரில் இருந்த எவர்சில்வர் தூக்கில் ‘டங்’ என்று பட்டது. அவள் கையைப் பார்த்தாள், தூக்கைப் பார்த்தாள், விரலில் தங்கிவிட்ட வெறும் தோலைப் பார்த்தாள். பிறகு வந்த சிரிப்பைச் சொல்லி முடியாது. “அம்மாயி, இன்னொண்ணு” என்று மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த இரண்டு விரல் பிடிப்புத்தான் நாளைக்குப் பல்பத்தைப் பிடிக்கும், சட்டைப் பொத்தானைப் போடும். அங்கன்வாடியில் முன்பருவக் கல்வி என்று நாங்கள் மணி கோர்க்கச் சொல்வதும், காகிதம் கிழித்து ஒட்டச் சொல்வதும் இந்தப் பிடிப்புக்காகத்தான். வீட்டில் அதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பச்சைப் பட்டாணி உரிப்பது, முருங்கைக் கீரை உருவுவது, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிய பூண்டைத் தோல் நீக்குவது, வாழைப்பூவில் ஒவ்வொரு பூவாக விரித்துக் கள்ளன் எடுப்பது என்று எல்லாம் அதே வேலைதான். வாழைப்பூவில் மட்டும் கறை ஏறும். பிள்ளை கையில் முன்னாலேயே துளி நல்லெண்ணெய் தடவிவிட்டால் சுலபமாகப் போய்விடும்.

இதே பேத்தி, நான் ஓசூர் வந்த புதிதில் கையில் ஒரு பருக்கை ஒட்டினாலும் அழுவாள். விரல்களை விரித்துக் காற்றில் நீட்டிக்கொண்டு, யாராவது துடைக்கும்வரை அசைய மாட்டாள். குற்றம் அவளுடையது இல்லை. பார்த்துக்கொள்ள வந்த பெண்மணி ஒவ்வொரு வாய்க்கும் ஈரத்துணியால் வாயையும் கையையும் துடைத்துப் பழக்கியிருந்தார். சுத்தமாக வளர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கை ஒட்டுவதே தப்பு என்று பிள்ளை புரிந்துகொண்டுவிட்டது.

இப்படிப்பட்ட குழந்தையிடம் பிசைந்த மாவைத் திடீரென்று கையில் திணிக்கக் கூடாது. இது அங்கன்வாடியில் நான் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. உலர்ந்த பொருளிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் அகலமான தாம்பாளத்தில் கேழ்வரகைப் பரப்பி ஒரு கரண்டியையும் டம்ளரையும் கொடுத்தேன். கரண்டியால் அள்ளுவாள், டம்ளரில் ஊற்றுவாள், தானாகவே கரண்டி கீழே போய் விரல் உள்ளே போனது. சில நாள் கழித்துக் கேழ்வரகு மாவு, கோடு இழுத்து விளையாடினாள். அப்புறம் மாவில் தண்ணீரைத் தெளித்து லேசாக ஈரம். அப்புறம்தான் ஒட்டுகிற மாவு. பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் துணியும் வைத்துவிடுவேன். வேண்டும்போது தானே கழுவிக்கொள்ளலாம் என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். அளைந்த கேழ்வரகைக் கழுவி வெயிலில் காயவைத்து அரைத்தோம், மாவு அன்றைக்கே கூழானது.

இப்போது களி கிண்டினால் அவளுக்கு ஒரு சின்ன உருண்டை தனியாக உண்டு. கை பொறுக்கிற சூடு வந்ததும் தட்டில் வைப்பேன். களி உலர்ந்த கையில் ஒட்டும், ஈரக் கையில் ஒட்டாது. அதை அவளே கண்டுபிடித்து, ஒவ்வொரு முறையும் கையை நனைத்துக்கொண்டு உருட்டுகிறாள். நடுவில் கட்டைவிரலால் குழி பறித்து, அதில் கீரைக் கடைசல் ஊற்றச் சொல்லிக் கேட்பாள். குழியின் ஓரம் உடைந்து கடைசல் ஒழுகும்போது அவசரமாக அணை போடுவாள். முகமெல்லாம் பச்சை, தட்டைச் சுற்றிப் பச்சை. ஆனால் களி உள்ளே போகிறது. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. இதை வளர்கிற பிள்ளைக்கு ஊட்டியே தீர வேண்டும் என்று நாங்கள் அங்கன்வாடியில் தாய்மார்களிடம் தொண்டை வறளப் பேசியிருக்கிறோம். பேச்சு செய்யாததைக் குழி பறிக்கிற கட்டைவிரல் செய்துவிடுகிறது.

புது உணவைக் குழந்தை முதல் தடவையே ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்க்கவே கூடாது. எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூடக் கண்ணில் பட்டு, கையில் பட்டு, நாக்கில் பட்டுத்தான் பழகும். இரண்டாவது தடவை துப்பியதும் ‘இவளுக்குப் பீட்ரூட் பிடிக்காது’ என்று தாய் முடிவு கட்டிவிடுகிறார். கையால் தொட்டதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். துருவிய பீட்ரூட்டைச் சப்பாத்தி மாவில் போட்டுப் பிசையும்போது உள்ளங்கை சிவக்கிறதே, அதுவும் அறிமுகம்தான்.

அங்கன்வாடியில் எங்களுக்கு வாய்த்தது சத்துமாவு. வறுத்து அரைத்து வெல்லம் சேர்ந்து வருகிற மாவு. அதைக் கஞ்சியாகக் கொடுத்தால் பல பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசிறி, எல்லாரையும் வரிசையாகக் கை கழுவ வைத்து, ஆளுக்கு ஒரு பிடி கொடுத்துவிடுவேன். பிடி கொழுக்கட்டைக்கு அச்சு வேண்டாம், பிள்ளையின் கைதான் அச்சு. நான்கு விரல் தடமும் அப்படியே பதியும். உதவியாளர் ஆவியில் வேகவைத்துக் கொண்டுவந்து தட்டை இறக்கியதும், ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடையதைத் தேடும். “இது என்னுது டீச்சர், சின்னக் கை” என்று ஒரு பையன் எடுத்துக் காட்டுவான். தான் பிடித்த கொழுக்கட்டையை வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை நான் பார்த்ததில்லை. 1975 அக்டோபர் 2-ம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே ஊட்டச்சத்தையும் முன்பருவக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார்கள். நாம்தான் சாப்பாட்டு நேரம் வேறு, பாட நேரம் வேறு என்று பிரித்துவிட்டோம். கொழுக்கட்டை பிடிக்கிற அந்த அரை மணி நேரத்தில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். பெரிசு, சின்னது, சூடு, ஈரம், எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று. எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

இதைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இங்கே நகரத்தில் ஒரு மழலையர் பள்ளி சொன்னதைக் கேட்டு மனம் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அங்கே படிக்கிறது. சீருடை அழுக்காகிறது, அதனால் பிசைந்த சோறு அனுப்ப வேண்டாம், ஸ்பூனால் எடுக்கிற மாதிரியோ கையில் ஒட்டாத மாதிரியோ அனுப்புங்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு! அந்தத் தாய் வேறு வழியில்லாமல் தினமும் பிஸ்கட்டும் கேக்குமாகக் கட்டிக்கொடுக்கிறார். சீருடையைத் துவைத்துக்கொள்ளலாம். தயிர்சாதம் பிசைந்து தானே எடுத்துச் சாப்பிடத் தெரிகிற வயதில் அதைச் செய்ய விடாவிட்டால், அப்புறம் ஐந்து வயதில் துரத்தித் துரத்தி ஊட்ட வேண்டி வரும். பள்ளி நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

துரத்தாமல் ஊட்டத்தான் கைப்பேசி வந்துவிட்டதே என்பார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கும் பிள்ளைக்குத் தான் தின்றது இட்லியா உப்புமாவா என்றுகூடத் தெரியாது. வயிறு நிறைந்ததும் தெரியாது. கையில் பிசைகிற பிள்ளைக்கு இரண்டும் தெரியும். வேலைக்குப் போய் அலுத்து வருகிற தாய்மாரை நான் குறை சொல்லவில்லை. என் மகளும் அப்படித்தான் வருகிறாள். காலை ஏழரை மணிக்கு மாவு பிசைந்து விளையாட யாராலும் முடியாது. ஞாயிறு சாயங்காலம் சப்பாத்தி போடும்போது ஒரு எலுமிச்சம்பழம் அளவு மாவைக் கிள்ளிக் கொடுத்தால் போதும். மருமகனும் அன்றைக்குப் பக்கத்தில் உட்காருவார். அப்பாவின் சப்பாத்தியும் மகளின் சப்பாத்தியும் கிட்டத்தட்ட ஒரே வடிவத்தில்தான் வரும், இருவரும் அதைப் பெருமையாகச் சாப்பிடுவார்கள்.

கோதுமை மாவையும் அரிசி மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். கோதுமை மாவு இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அரிசி மாவில் அது கிடையாது, பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உதிரும். அதனால்தான் கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கிளறுகிறோம். பிள்ளைக்குப் புரதத்தின் பெயர் வேண்டாம். இது நீளுது, இது உடையுது என்று அது சொன்னால் போதும். முறுக்கு நாழியில் ஆறிய இடியாப்ப மாவைப் போட்டு, பெரியவர் கை மேல் பிள்ளையின் கையை வைத்து அழுத்த விடலாம். நூல் நூலாக வந்து விழுவதைப் பார்க்க அது திரும்பத் திரும்ப வரும்.

சாயம் ஏற்றிய அரிசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வண்ணம் வேண்டும் என்றால் சமையலறையிலேயே இருக்கிறது. ஒரு கிண்ணம் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்துப் பெரியவர் ஒருவர் சிட்டிகை சமையல் சோடா போட்டால் சிவப்பாகிவிடும். ஆரத்தித் தண்ணீர் சுண்ணாம்பு பட்டுச் சிவக்கிறதே, அதே காரணம்தான். எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சள். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும், அதில் எலுமிச்சை விட்டால் ஊதாவாகும். எலுமிச்சை மூடியைப் பிழிகிற வேலையைப் பிள்ளையிடமே விடலாம். சுண்ணாம்பை மட்டும் கையில் கொடுக்கவே கூடாது, கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மஞ்சள் கறைக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சோப்பு போட்டதும் கறை சிவக்கும், பதற வேண்டாம். அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும்.

இனி, சோறு தெய்வம் என்று எழுதிய வாசகருக்கு. ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நான் வேலை பார்த்த பக்கம் மானாவாரி பூமி. மழை பொய்த்த வருஷங்களில் பிள்ளைகளின் எடையைத் தராசில் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தவள் நான். ஒரு படி அரிசிக்குச் சாயம் ஏற்றி, இரண்டு நாள் விளையாடிவிட்டுக் குப்பையில் கொட்டுகிற படத்தைப் பார்த்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் பிள்ளை உணவில் கை வைப்பது நமக்குப் புதிதில்லையே. கோடையில் மொட்டைமாடியில் ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சி வடாம் இட்டபோது, வேட்டியின் ஓரத்து வரிசையைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்ததில்லையா? கோணல்மாணலாக விழுந்த அந்த வடாமும் பொரித்தால் பொரிந்ததுதானே? கிருஷ்ண ஜெயந்திக்கு மாக்கரைசலில் கையை முக்கிப் பாதம் வைத்ததும், அமாவாசைக் கறிக்கு அவரைக்காய் நார் எடுத்ததும் பிள்ளைகள்தான். சொப்பில் நிஜ அரிசியும் வெல்லமும் கேட்டு அடம் பிடித்து, கூட்டாஞ்சோறு ஆக்கி நமக்கே பரிமாறினார்கள். அதையெல்லாம் யாரும் விளையாட்டு என்றும் சொல்லவில்லை, அவமரியாதை என்றும் சொல்லவில்லை. வேலையில் பிள்ளைக்கும் ஒரு பங்கு இருந்தது. ஒரு பிடி மொச்சையைப் பிதுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்த பிள்ளை, தட்டில் மிச்சம் வைக்கத் தயங்கும்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. இதை நான் எந்தத் தாயிடமும் சொல்லாமல் விட்டதில்லை. வேர்க்கடலை, முழுக் கொண்டைக்கடலை, முழுத் திராட்சை, புளியங்கொட்டை, உலர்ந்த ஜவ்வரிசி எல்லாம் தொண்டையில் சிக்கும், மூக்கிலும் காதிலும் ஏறும். மொச்சை பிதுக்கும்போதும் பெரியவர் ஒருவர் எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும், எழுந்தால் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு எழ வேண்டும். மொச்சையையும் பச்சை மாவையும் வாயில் போட விடக் கூடாது, வேகாதது வயிற்றுக்கு ஆகாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூட வேண்டாம். மிளகாய் கிள்ளிய கையோடு பிள்ளையின் கையைப் பிடிக்காதீர்கள். நகம் வெட்டியிருக்கட்டும், முன்னாலும் பின்னாலும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். தரையில் பழைய நாளிதழை விரிக்கிறார்கள். தரை கெடாமல் இருக்க அது சரி, ஆனால் மாவு நேரடியாக அதில் படக் கூடாது, அச்சு மை ஒட்டும். ஒரு பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்து விரித்தால் உதறிவிட்டு எடுத்துவிடலாம். நாங்கள் பால்கனியில்தான் உட்காருகிறோம். துடைக்கிற துணியில் ஒன்று பேத்தியுடையது. அவள் துடைத்த இடத்தை அவள் எதிரில் நான் மறுபடி துடைப்பதில்லை.

சில குழந்தைகள் எவ்வளவு நிதானமாகப் பழக்கினாலும் தொடவே மாட்டார்கள். ஈரம் பட்டாலே உடம்பெல்லாம் கூசி அலறுவார்கள், இரண்டு மூன்று உணவைத் தவிர வாயில் வைக்க மாட்டார்கள், கெட்டியான எதையும் விழுங்கும்போது குமட்டுவார்கள். எடையும் ஏறாது. அதைப் பிடிவாதம் என்று நினைத்து அடிக்கக் கூடாது. செல்லம் என்று விட்டுவிடவும் கூடாது. ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்று 2013-ல் தொடங்கிய திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்ப்பதற்கென்றே ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. அங்கன்வாடிப் பணியாளரிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டால் வழி சொல்வார்கள். சீக்கிரம் போகப் போக நல்லது.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இணைப்பில் வாராவாரம் சமையல் குறிப்பு வருகிறது. தேவையான பொருட்கள், செய்முறை என்று இரண்டு தலைப்பு இருக்கிறது. அதோடு ‘பிள்ளைக்கு ஒரு வேலை’ என்று மூன்றாவதாக ஒரு வரி சேர்க்க முடியுமா? அந்தச் சமையலில் மூன்று வயதுப் பிள்ளை எதைச் செய்யலாம், எந்த இடத்தில் அதைத் தள்ளி உட்கார வைக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி. கீரை வடை என்றால் கீரை உருவுவது, ரசம் என்றால் ஊறிய புளியைக் கரைப்பது, எலுமிச்சை சாதம் என்றால் ஆறிய சோற்றை உதிர்ப்பது. கன்னியாகுமரியிலும் காரைக்குடியிலும் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று அந்தந்த ஊர் வாசகர்களே எழுதி அனுப்புவார்கள். நானும் எங்கள் பக்கத்து வேலைகளை எழுதித் தருகிறேன்.

ஆவணியில் சீடை செய்முறை கட்டாயம் போடுவீர்கள். அதிலிருந்தே தொடங்கலாம். மாவைச் சலித்துப் பிசைந்ததும், உருட்டுகிற வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சீடையை அழுத்தி வழவழவென்று உருட்டினால் உள்ளே ஈரம் அடைபட்டு எண்ணெயில் வெடிக்கும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பிள்ளை உருட்டுவது விரிசலும் சொரசொரப்புமாக வரும், அதுதான் சீடைக்கு ஏற்றது. உருண்டைகளைத் துணியில் பரப்பி ஆறவிட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து குத்திவிட வேண்டும். அது பெரியவர் வேலை. எண்ணெய் காய ஆரம்பித்ததும் பிள்ளை அடுப்படியில் இருக்கக் கூடாது, தாத்தாவோ அப்பாவோ கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
ஓசூர்.